நுங்கு முத்தினால் பட்டன்

மக்களே, ஒரு நிமிஷம். நீங்கள் போட்டிருக்கிற சட்டையிலோ காலர் டி-ஷர்ட்டிலோ இருக்கிற பட்டனைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஒரே நிறம், ஒரே பளபளப்பு, மேல் பட்டனுக்கும் கீழ் பட்டனுக்கும் துளி வித்தியாசம் இல்லை என்றால் அநேகமாக அது பாலியெஸ்டர். தப்பொன்றும் இல்லை, என் துப்பட்டாவே பாலியெஸ்டர்தான். ஆனால் மேல் பட்டனில் ஒரு மாதிரி ரேகை, கீழ் பட்டனில் வேறு மாதிரி ரேகை, ஒன்று கொஞ்சம் வெளுப்பு, இன்னொன்று கொஞ்சம் கறுப்பு என்று இருந்தால் அந்தச் சட்டையைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அது ஏதோ ஒரு மரத்தின் கொட்டையையோ ஓட்டையோ கடைந்து செய்த பட்டனாக இருக்கும்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது பெரிய ரகசியம் இல்லை. பனியன் கம்பெனி ஸ்டோர் ரூமுக்குள் ஒரு தடவை எட்டிப் பார்த்தால் போதும், 18 லைன், 24 லைன் என்று பாக்கெட் பாக்கெட்டாகப் பட்டன் இருக்கும். (லைன் என்பது பட்டன் அளவு. 40 லைன் ஒரு அங்குலம். 18 லைன் என்றால் சுமார் பதினொன்றரை மில்லிமீட்டர். பி.காமில் இதெல்லாம் சொல்லித் தர மாட்டார்கள், திருப்பூரில் பிறந்தால் தானாக வந்துவிடும்.) எங்கப்பா கட்டிங் மாஸ்டர். முன்பு ஒரு ஆர்டரில் மிச்சமான இரண்டு பட்டனைப் பையில் போட்டுக்கொண்டு வந்து, "இது என்ன கொட்டைன்னு சொல்லு பாக்கலாம்" என்று என் கையில் கொடுத்தார். தந்தம் மாதிரி இருந்தது. கனமாக, வழவழப்பாக, உள்ளே மெல்லிய வளையம் வளையமாக. அதன் பெயர் கொரோசோ.

அன்றைக்குத் தேட ஆரம்பித்தவள்தான், இன்னும் நிறுத்தவில்லை.

கொரோசோ என்பது தென் அமெரிக்காவில் ஈக்வடார், கொலம்பியா, பெரு பக்கத்துக் காடுகளில் இருக்கும் ஒருவகைப் பனையின் விதை. டாகுவா என்றும் சொல்கிறார்கள். ரூயிஸ், பாவோன் என்ற இரண்டு ஸ்பானியத் தாவரவியலாளர்கள் 1798-இல் இதற்கு ஃபைட்டெலிஃபாஸ் என்று பெயர் வைத்தார்கள். கிரேக்கத்தில் 'செடி' ஒரு பாதி, 'யானை' ஒரு பாதி. செடி யானை! தந்தம் மாதிரி இருப்பதால் அந்தப் பெயர். தாவர தந்தம் என்றே வியாபாரத்திலும் அழைத்தார்கள்.

இந்த விதை எப்படி உருவாகிறது என்று படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இளசாக இருக்கும்போது உள்ளே தண்ணீர். கொஞ்ச நாளில் அது வழுவழுப்பான ஜெல்லி ஆகிறது. அப்போது மனிதர்களும் சாப்பிடுவார்கள், காட்டு விலங்குகளும் சாப்பிடும். விட்டுவிட்டால் இறுகி இறுகி, கடைசியில் சுத்தியலால் தட்டினாலும் லேசில் உடையாத வெள்ளைக் கல் ஆகிவிடுகிறது. இது நம்ம நுங்கு கதைதானே! நுங்கை வெட்டாமல் விட்டால் என்ன ஆகும்? பழுத்து விழும், கொட்டைக்குள் இருந்த நுங்கு கல்லாக இறுகும். அந்தக் கொட்டையை மண்ணில் புதைத்தால் கிழங்கு கீழே போகும், உள்ளே பஞ்சு மாதிரி ஒன்று ஊறும். ஊருக்கு ஊர் அதைத் தவுண் என்பார்கள், பூரான் என்பார்கள். அந்தப் பஞ்சு தின்பதற்காகப் பனை சேர்த்து வைத்திருக்கிற கட்டுச்சோறுதான் அந்த வெள்ளைக் கல். ஈக்வடார்க்காரன் தன் ஊர்ப் பனையின் கட்டுச்சோற்றை உலகத்துக்கே பட்டனாக்கி விற்றிருக்கிறான்.

விளையாட்டு வியாபாரம் இல்லை அது. 19-ஆம் நூற்றாண்டில் கப்பல் கப்பலாக ஜெர்மனியின் ஹாம்பர்க்குக்குப் போனது. இத்தாலியில் பட்டறைகள் வந்தன. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து ரோசெஸ்டர் நகரம் இந்தப் பட்டனுக்குப் பேர்போனது. 1920 வாக்கில் அமெரிக்காவில் செய்யப்பட்ட பட்டன்களில் ஐந்தில் ஒரு பங்கு தாவர தந்தம் என்று சொல்வார்கள். விதையை மாதக்கணக்கில் காய வைத்து, பழுப்புத் தோலை நீக்கி, ரம்பத்தால் வில்லை வில்லையாக அறுத்து, கடைசல் எந்திரத்தில் வட்டமாக்கி, துளை போட்டு, உருட்டி உருட்டிப் பளபளப்பாக்குவது. சாயமும் நன்றாகப் பிடிக்கும். ஒரே குறை, ரொம்ப நேரம் தண்ணீரில் ஊறினால் இளகும்.

எரித்ரியாவை இத்தாலி ஆண்டபோது அங்கே கிளைவிடும் டூம் பனையின் கொட்டையிலும் பட்டன் செய்தார்கள். இதெல்லாம் வெளிநாட்டுச் சமாச்சாரம் என்று நினைத்துவிடாதீர்கள். ஆயுசில் ஒரே ஒரு தடவை பூத்துக் காய்த்துவிட்டுச் செத்துப்போகும் தாளிப்பனை கேரளத்திலும் இலங்கையிலும் உண்டு. குடைப்பனை என்றும் பெயர். அதன் ஓலையில் சுவடி எழுதியதுதான் எல்லோருக்கும் தெரியும். கோலிக்குண்டு மாதிரி இருக்கும் அதன் விதையும் 19-ஆம் நூற்றாண்டில் மணி கோக்கவும் பட்டன் கடையவும் கப்பல் ஏறியிருக்கிறது.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் பிளாஸ்டிக் வந்தது. கதை முடிந்தது. (அந்த பாலியெஸ்டர் பட்டனும் பெரும்பாலும் கடைசல்தான் தெரியுமோ? பிசினை வார்த்து வில்லை வெட்டி, அதையும் எந்திரத்தில் கடைந்துதான் வடிவம் எடுக்கிறார்கள். உளி அதே உளி, தீனிதான் வேறு.)

சரி, கொசுவத்தி சுற்றியது போதும். இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் எங்கள் வீட்டுக் கொட்டகை.

எங்கள் வீடு நல்லூர், காங்கேயம் ரோட்டிலிருந்து உள்ளே. 2011-இல் மாநகராட்சியோடு சேர்ப்பதற்கு முன்னால் நல்லூர் தனி நகராட்சி. வீட்டுக்குப் பின்னால் பதினெட்டுக்குப் பத்தடியில் ஒரு ஓட்டுக் கொட்டகை. அதற்குள் அப்பாருவின் கடைசல் எந்திரம். அப்பாரு என்றால் அப்பாவின் அப்பா, வெளியூர்க்காரர்கள் குழம்ப வேண்டாம். கோயமுத்தூர் நூல் மில்களுக்கு மர பாபின் கடைவதுதான் அவர் தொழில். பதினைந்து வயதில் உளி பிடித்தவர். நூல் சுற்றும் அந்தக் கட்டை ஒவ்வொன்றும் ஒரே எடை, ஒரே பருமன் இருக்க வேண்டும். கொஞ்சம் கோணலாக இருந்தாலும் வேகமாகச் சுற்றும்போது நூல் அறுந்துவிடும். அப்புறம் பிளாஸ்டிக் பாபின் வந்தது. ரோசெஸ்டருக்கு எது வந்ததோ அதேதான் எங்கப்பாருக்கும் வந்தது, கொஞ்சம் தாமதமாக. அதற்குப் பின் கட்டில் கால், தொட்டில் கட்டை, பூரிக்கட்டை, பம்பரம் என்று கிடைத்ததைக் கடைந்தார். எந்திரத்தை மட்டும் விற்கவில்லை.

நான் அதில் கை வைத்தது கொரோசோ பட்டனைப் பார்த்த பிறகு. "அப்பாரு, கொட்டையைக் கடையலாங்களா?" என்றேன். "கல்லையே கடையறான், கொட்டைக்கென்ன அம்மிணி" என்றார். முதல் பாடம்: ஜடையைச் சுருட்டிக் கொண்டையாகக் கட்டு, துப்பட்டாவைக் கொட்டகைக்கு வெளியே போடு. இரண்டாவது பாடம்: உளியை அமுக்காதே. "அது தானா திங்கும், நீ ஊட்டாத." இதைவிட நல்ல பாடம் எனக்குக் கல்லூரியில்கூடக் கிடைத்ததில்லை. (தமிழில் ஒருவனைத் திட்டும்போது 'கடைந்தெடுத்த' அயோக்கியன் என்கிறோமே, இவ்வளவு பொறுமையாகச் செய்கிற வேலையை எதற்கு அயோக்கியனுக்குக் கொடுத்தார்கள் என்று புரியவில்லை.)

முதலில் தேங்காய்த் தொட்டி. தெற்கே சிரட்டை என்பீர்கள், வடக்கே கொட்டாங்குச்சி. எங்கள் பக்கம் தொட்டி. காங்கேயமும் வெள்ளகோவிலும் கொப்பரைக்குப் பேர்போன ஊர்கள், அதனால் தொட்டிக்குப் பஞ்சமே கிடையாது. பெரும்பாலும் அது சுட்டுக் கரியாகப் போகிறது. கரியிலிருந்து தண்ணீர் சுத்திகரிப்புக்கும் தங்கம் பிரித்தெடுக்கவும் பயன்படுகிற செறிவூட்டிய கரி. முதல் உலகப் போரில் விஷவாயு முகமூடிக்குள் போட்டது இதே மாதிரிக் கரிதான், 1918-இல் அமெரிக்காவில் பீச் பழக்கொட்டையையும் ஓட்டையும் சேர்த்துக் கொடுக்கச் சொல்லி ஜனங்களிடம் கேட்டிருக்கிறார்கள். இங்கே தொட்டி சுடும் இடங்களைச் சுற்றி இருக்கும் ஊர்களில் கிணற்றுத் தண்ணீர் நிறம் மாறுகிறது என்று மக்கள் போராடியதும் செய்தியில் வந்ததுதான். ஆனால் இதே தொட்டியை 15, 16-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் வெள்ளிப் பூண் கட்டி மதுக்கிண்ணமாக வைத்திருந்தார்கள். அவர்களுக்கு அது கடல் தாண்டி வந்த அதிசயம், அதில் குடித்தால் விஷம் ஏறாது என்றுகூட நம்பினார்கள். நமக்கு அடுப்புக்குப் பக்கத்தில் கிடக்கிற சாமான்.

தொட்டி பார்ப்பதற்கு வட்டம் மாதிரி இருக்கும், கிடையாது. மூன்று மேடு இருக்கிறது. எந்திரத்தில் மாட்டிச் சுற்றவிட்டால் உளி ஒரு சுற்றுக்கு மூன்று தடவை டக் டக் டக் என்று இடிக்கும். மணிக்கட்டில் அந்த அதிர்ச்சி ராத்திரி படுக்கும்வரை இருக்கும். இதைப் பிடித்து மாட்டுவதே ஒரு வித்தை. ஒரு மரக்கட்டையில் தொட்டியின் அளவுக்குக் குழி கடைந்து, அந்தக் குழிக்குள் தொட்டியை அழுத்தி இறுக்க வேண்டும். இறுக்கம் கம்மியானால் முகத்துக்குப் பறந்து வரும், கூடினால் விரிசல். நாரை முதலில் கண்ணாடிச் சில்லால் சுரண்டி, கடைந்து, உப்புத்தாள் சொரசொரப்பானதிலிருந்து நைசுவரை மாற்றி மாற்றித் தேய்த்து, கடைசியில் ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய். அப்போது வரும் பாருங்கள் ஒரு கறுப்பு மினுக்கம்! அதற்காகவே இவ்வளவு பாடும் படலாம்.

அப்புறம் எதைப் பார்த்தாலும் கடையத் தோன்றியது. ரோட்டோர மரங்களை நிமிர்ந்து பார்த்துக்கொண்டே நடந்து தோழிகளிடம் திட்டு வாங்கினேன். காய்ந்து முற்றிய காய்க்குத் தமிழில் நெற்று என்று அழகான சொல் இருக்கிறது. வாகை நெற்று காற்றில் கலகலவென்று சத்தம் போடும், குறுந்தொகையிலேயே அந்தச் சத்தம் வருகிறது. ஆனால் காகிதம் மாதிரி மெலிசு, கடைய ஆகாது. மயில்கொன்றை நெற்று நீளமாக, கத்தி மாதிரி, சின்ன வயதில் சண்டை போட மட்டும் உதவியது. நாகலிங்கக் காய் பீரங்கிக் குண்டு மாதிரி உருண்டை, ஓடும் உறுதி, ஆனால் உள்ளே இருக்கும் நாற்றத்தைச் சுத்தம் செய்வதற்குள் அம்மா என்னை வீட்டை விட்டே தள்ளிவிடப் பார்த்தாள். விளாங்காய் ஓடு அருமை. வில்வக்காய் அதைவிட அருமை. காய்ந்த வில்வ ஓட்டில் திருநீறு போட்டு வைக்கும் குடுக்கை நம் ஊர்களில் ரொம்பக் காலமாக உண்டு. யாரும் அதைக் கைவினைப்பொருள் என்று சொல்லிக்கொண்டதில்லை, பூஜை அலமாரியில் அது பாட்டுக்கு இருந்தது.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது மகாகனிக் காய். இந்த மரம் நம் நாட்டுக்கு வெளியிலிருந்து வந்ததுதான். இப்போது தோட்டத்திலும் ரோட்டோரத்திலும் நிறைய வைக்கிறார்கள். மேல்நோக்கி நிமிர்ந்து நிற்கும் பழுப்புக் காய், முட்டையை விடப் பெரிசு. கோடையில் காய்ந்ததும் காம்புப் பக்கத்திலிருந்து ஐந்து இதழாக வெடிக்கும். உள்ளே சிறகு வைத்த விதைகள் ஐம்பது அறுபது, ஓலைப்பெட்டியில் அடுக்கின மாதிரி நெருக்கமாக. காற்றடித்தால் பம்பரமாகச் சுற்றிக்கொண்டே இறங்கும். அந்தக் காயின் ஓடு அசல் மரம். வெடிப்பதற்குக் கொஞ்சம் முன்னால் விழுந்ததைப் பொறுக்கி, இதழ் இதழாகக் கழன்றுவிடாமல் வெடிப்புக் கோட்டில் ஃபெவிக்விக் ஊற்றி, மேல் பக்கத்தை அறுத்து, வெளியே சொரசொரப்பான தோலை மட்டும் கடைந்து எடுத்தால், உள்ளே செம்பழுப்பு. ஐந்து கோடும் அப்படியே தெரியும். மூடி வைத்தால் குங்குமச் சிமிழ். மூடியைத் தேங்காய்த் தொட்டியில் கடைந்து பொருத்துவது அப்பாருவின் ஐடியா.

உலகத்தில் இந்தப் பைத்தியம் பிடித்தவள் நான் ஒருத்தி மட்டும் இல்லை. ஆஸ்திரேலியாவில் பேங்க்சியா என்று ஒரு மரம். 1770-இல் கேப்டன் குக்கோடு கப்பலில் போன ஜோசப் பேங்க்ஸ் அதைச் சேகரித்ததால் அந்தப் பெயர். அதன் காய், கதிர் மாதிரி தடித்து, உடம்பெல்லாம் வாய் திறந்தது போல் விதைக்கண்ணோடு இருக்கும். பல வகைகளில் காட்டுத்தீ சுட்டால்தான் அந்த வாய் திறக்கும். மே கிப்ஸ் என்ற எழுத்தாளர் 1918-இல் எழுதிய குழந்தைக் கதையில் வில்லன்களே இந்த பேங்க்சியாக் காய் மனிதர்கள்தான். மேற்கு ஆஸ்திரேலியாவில் பெரிய காய் வைக்கும் வகையைப் பொறுக்கிக் காயவைத்து அங்குள்ள கடைசல்காரர்கள் கிண்ணம், கோப்பைத் தட்டு, வாசனை எண்ணெய் ஊற்றும் குடுவை என்று கடைகிறார்கள். அந்த ஓட்டைகளை மூடுவதில்லை. ஓட்டைதான் அழகு. சிலர் மட்டும் அதற்குள் நிறம் போட்ட பிசினை ஊற்றி நிரப்புகிறார்கள், எனக்கு அது பிடிக்கவில்லை. காயைக் கடைந்துவிட்டு அதற்கும் பிளாஸ்டிக் சட்டை போடுவானேன்?

நம்ம பக்கம் கடைசல் என்றால் அம்பாசமுத்திரம். மஞ்சக்கடம்பு மரத்தில் கடைந்த சொப்புச் சாமான். கர்நாடகத்தில் சென்னபட்டணம். இவர்கள் நிறம் ஏற்றும் விதம் பார்க்கத் தனி அழகு: தூரிகையே கிடையாது. சுற்றிக்கொண்டிருக்கும் மரத்தின் மேல் அரக்குக் குச்சியை அழுத்தினால் உரசும் சூட்டில் அரக்கு உருகி ஒட்டிக்கொள்ளும். அதை ஓலையால் தேய்த்தால் கண்ணாடி. சென்னபட்டணத்தில் அதற்குத் தாழை ஓலை. நாங்களும் சிமிழ் மூடியில் முயற்சி செய்தோம். மூடி வழுக்கிக்கொண்டு போனது தவிர ஒன்றும் நடக்கவில்லை. அப்பாரு, "அது அவிய தொழிலு, நமக்கு எண்ணெயே போதும்" என்று முடித்துவிட்டார்.

இந்த இடத்தில் தூசி பற்றி ஒரு வார்த்தை. தொட்டித் தூசி மாவு மாதிரி, காற்றில் மிதக்கும், கண்ணுக்குக்கூட சரியாகத் தெரியாது. பஞ்சு தூசியில் வேலை செய்த வீட்டுக்காரர்களுக்கு இருமல் என்றால் என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மாஸ்க் போடாமல் யாரும் இதில் இறங்காதீர்கள். அப்பாரு போடமாட்டார், நான் கத்திக் கத்தி இப்போது ஈரத் துண்டு கட்டிக்கொள்கிறார்.

பட்டனும் செய்து பார்த்தோம். முற்றிய பனங்கொட்டையை அரிவாளால் பிளந்து, உள்ளே இருக்கும் வெள்ளையை எடுத்து. நடுவில் பள்ளமாக இருப்பதால் சதைப்பற்றான இடம் கொஞ்சம்தான். ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையில் 18 லைனில் இரண்டு பட்டன் தேறியது. கொரோசோ அளவுக்கு இல்லை, ஆனால் சொன்னால்தான் தெரியும். தொட்டியில் செய்தது சுலபமாக வந்தது. ஆசை யாரை விட்டது? பழகிய ஒரு மெர்ச்சண்டைசர் அண்ணாவிடம் ஒரு டஜன் தொட்டிப் பட்டனைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் நல்ல மனிதர், சிரிக்கவில்லை. வெள்ளைத் துணிமேல் பன்னிரண்டையும் வரிசையாக அடுக்கினார். "இதுல எது ஒரிஜினல் ஷேடு பாப்பா?" என்றார்.

பன்னிரண்டும் பன்னிரண்டு நிறம். பழுப்பு, காப்பி, காக்கி, கறுப்பு.

அதில்தான் எனக்கு ஒன்று உறைத்தது. எங்கள் ஊரே 'ஒரே மாதிரி' என்பதை விற்றுப் பிழைக்கிற ஊர். ஆயிரக்கணக்கில் டி-ஷர்ட், முதல் பீசும் கடைசி பீசும் ஒரே நிறம் இருக்க வேண்டும். அந்த ஒரே நிறத்துக்காகத்தான் சாயப்பட்டறை, அந்தச் சாயத் தண்ணீர்தான் நொய்யலில் ஓடியது, அதற்காகத்தான் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. நான் அப்போது குழந்தை. ஆனால் அந்த வருஷம் அப்பா வேலையில்லாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தது ஞாபகம் இருக்கிறது. இப்போது வெளிநாட்டு பையர்கள் இயற்கைப் பட்டன் வேண்டும் என்கிறார்கள், சட்டையில் தொங்கும் அட்டையில் இந்தப் பட்டன் மரத்திலிருந்து வந்தது, ஒவ்வொன்றும் வேறுபடும் என்று பெருமையாக அச்சடிக்கிறார்கள். வேறுபடலாம், ஆனால் ஓரளவுக்குள் வேறுபட வேண்டும். அதற்குத் தொட்டியை மூட்டை மூட்டையாகத் தரம் பிரிக்கும் பட்டறை வேண்டும். பதினெட்டுக்குப் பத்தடி ஓட்டுக் கொட்டகைக்கு அது ஆகிற காரியம் இல்லை.

சிமிழ் விஷயம் வேறு. சிமிழை யாரும் டஜனாக வாங்குவதில்லை. கல்லூரி விழாவில் ஸ்டால் போட்டு ஒன்பது வைத்தோம், ஆறு விற்றது. 250 ரூபாய். வாங்கியவர்கள் எல்லோருமே எல்லாவற்றையும் எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்து, 'எனக்கு இதுதான்' என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். மெர்ச்சண்டைசர் அண்ணாவிடம் எது குறையாக இருந்ததோ, அதற்குத்தான் இங்கே காசு.

இப்போது கொட்டகைக்கு வருகிறேன். அப்பா அதை இடித்து லைன் வீட்டு ரூம் ஒன்று கட்டலாம் என்கிறார். திருப்பூரில் ரூம் காலியாக இருந்து யாராவது பார்த்திருக்கிறீர்களா? ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வேலைக்கு வந்தவர்கள் வீட்டு வாசலில் வந்து கேட்கிறார்கள். மாதம் 4,000 வாடகை நிச்சயம். தம்பிக்கு அடுத்த வருஷம் இன்ஜினியரிங். அப்பா கொடுமைக்காரர் இல்லை மக்களே, கணக்குப் பார்க்கிறவர். சரி, நானும் கணக்குப் படிக்கிறவள்தானே என்று நோட்டை எடுத்து உட்கார்ந்தேன்.

சிமிழ் ஒன்றுக்கு விலை 250. உப்புத்தாள், பசை, எண்ணெய், கரண்ட் 40. மீதி 210. காய் இலவசம், மரம் பில் போடுவதில்லை. 4,000 வாடகைக்கு ஈடு கட்ட மாதம் 20 சிமிழ் விற்க வேண்டும். ஒன்று செய்ய மூன்று மணி நேரம், ஆக 60 மணி நேரம். அந்த 60 மணி நேரமும் கிட்டத்தட்ட இடத்துக்கே சரி. வாய்ப்புச் செலவு என்று பாடத்தில் மனப்பாடம் செய்து எழுதி எழுதி மார்க் வாங்கியது இதைத்தான். அப்பாருவுக்குக் கூலி என்று ஒரு ரூபாய் எழுத வேண்டுமென்றால் அது 20-ஆவது சிமிழிலிருந்துதான் ஆரம்பிக்கும். நாங்கள் இதுவரை மொத்தமாக விற்றதே ஆறு.

இந்தப் பக்கத்தைக் காட்டினால் அப்பா ஜெயித்துவிடுவார் என்று தெரிந்தும் காட்டினேன். கணக்கை மறைத்து வாங்கும் கொட்டகை எனக்கு வேண்டாம். அவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு இரண்டு தடவை படித்தார். "காய்க்கு வெல போடல, அது செரி. உனக்குக் கூலி எங்க போட்ட?" என்றார். எனக்கு நான் கூலியே போட்டுக்கொள்ளவில்லை, பொழுதுபோக்கு என்றேன். "அப்ப உங்கப்பாருக்கு?" என்றார். அதற்கு நான் பதில் சொல்லவில்லை. அப்பாருவுக்குப் பொழுதுபோக்கு என்று எழுத எனக்குக் கை வரவில்லை. ஐம்பது வருஷத்துக்கு மேல் அதில் சோறு சாப்பிட்டவர் அவர்.

அப்பா அப்புறம் டேப்பை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனார். எந்திரத்தின் நீளம் அகலம் அளந்தார். ஐந்தடிக்கு இரண்டரை. ஆள் நிற்க மூன்றடி. பதினெட்டடியில் பத்தடியை ரூமுக்கு விட்டு, சுவர் வைத்து, பின்பக்கம் மிச்சத்தில் கக்கூசும் எந்திரமும் வருமா என்று ஒரு சிமெண்டு அட்டையின் பின்னால் படம் போட்டிருக்கிறார். கட்டிங் மாஸ்டர் இல்லையா, துணியில் மார்க்கர் போடுகிற மாதிரி, ஒரு இஞ்ச் வீணாகாமல் போட்டிருக்கிறார். ஆனால் கடைசல் சத்தமும் தூசியும் பக்கத்து ரூமில் நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்குகிறவனுக்கு ஆகுமா என்று அம்மா கேட்கிறாள். அது நியாயமான கேள்வி. மேஸ்திரி வியாழக்கிழமை வந்து பார்க்கிறார்.

அப்பாருவிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. அவருக்குத் தெரியாமல் இருக்குமா? நேற்று சாயங்காலம் எந்திரத்தின் பெல்ட்டைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். கழற்றுகிறாரா, சுத்தம் செய்கிறாரா என்று கேட்கப் பயமாக இருந்தது. என்னைப் பார்த்ததும், "பங்குனி முடிஞ்சா மகாகனிக் காயெல்லாம் வெடிச்சு வீணாப் போயிரும் அம்மிணி, ரெண்டு சாக்காவது பொறுக்கி வெய்யி" என்றார். நாளைக்குக் காலையில் கிளம்புகிறேன். நல்லூர்ப் பக்கம் இருக்கும் வகுப்புத் தோழிகள் யாராவது வருவதாக இருந்தால் சாக்குப்பையோடு வரவும்.